காது ஹாஜாவும் காலையில் ஊளையிடும் டிராக்டரும்

மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் போய் ஹாஜா என்று மட்டும் கேட்டால் நாலு பேரைக் காட்டுவார்கள். காது ஹாஜா என்று கேளுங்கள். டீக்கடைக்காரர் கையிலிருக்கும் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு வாசல்வரை வந்து வழி சொல்வார். அந்தப் பட்டப்பெயர் சும்மா வந்ததல்ல. பம்பு, ஜாக்கி, பவர் ஸ்டீயரிங் என்று எண்ணெய் அழுத்தத்தில் ஓடுகிற எதுவானாலும், ஹாஜா அதைக் கழற்றுவதற்கு முன் ஒரு நீளமான ஸ்குரூ டிரைவரின் முனையை அதன்மேல் ஊன்றி, பிடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்திக் கேட்பார். அரை நிமிஷம் கண்ணை மூடுவார். "பேரிங் போச்சு" என்பார், அல்லது "சீல் கிழிஞ்சிருக்கு" என்பார். பிரித்துப் பார்த்தால் சொன்னது சொன்னபடி இருக்கும்.

இப்படிப்பட்டவருக்கு ஐம்பத்தொன்பது வயதில் காது மந்தமாகிவிட்டது. சொந்த ஷெட் போடுவதற்கு முன் பதினாறு வருஷம் அதே பேட்டையில் தகடு வெட்டும் மிஷினுக்குப் பக்கத்தில் நின்றவர். அது சும்மா விடுமா? கனமான சத்தமெல்லாம் இன்னும் விழும். மெல்லிசாக, கூர்மையாக வருகிற எதுவும் விழாது. சட்டைப்பையில் போன் மணி அடித்தால் எதிரில் நிற்பவர்தான் சொல்ல வேண்டும். யாருக்கும் தெரியாது என்று ஹாஜா நினைத்துக்கொண்டிருந்தார். அவரைத் தவிர ஊருக்கே தெரியும்.

முல்லா வீதி வீட்டில் அவர் மனைவி ஜரினா தையல் மிஷினில் உட்கார்ந்தபடியே இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, ஒருதடவ ஆஸ்பத்திரிக்குப் போயி காதக் காட்டிட்டு வந்துடலாம். இப்பல்லாம் சின்னதா ஒரு மிஷின் வச்சுடறாங்க. வெளில தெரியாது."

"காது ஹாஜா காதுல மிஷினா? ஊரு வாயால சிரிக்காது, வேற எதாலயோ சிரிக்கும்."

ஹாஜாவின் பயத்துக்கு ஒரு உருவம் உண்டு. அது மிஷேல் முசே, அதாவது மிஷேல் ஐயா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷனோடு வந்த சொல்தா, சிப்பாய். பீரங்கிப் படையில் இருந்ததால் காது போனவர். அவர் காதிலிருக்கும் மிஷின் மாதா கோயில் பூசையின் நடுவே கீச்சென்று கத்தும், சாமியார் பிரசங்கத்தை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்ப்பார். மிஷேல் முசேவே இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். ஹாஜாவும் கூடச் சேர்ந்து சிரிப்பார். சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து கண்ணாடி முன் நின்று காதைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்.

இந்த நிலைமையில்தான் சந்திரகலாவின் டிராக்டர் வந்து சேர்ந்தது.

சந்திரகலா அரியாங்குப்பத்துக்காரி. தவளக்குப்பம் பக்கம் சொந்தமாகக் கொஞ்சம் நிலம். அதற்கு மேல் சுற்றியுள்ளவர்கள் நிலத்துக்கெல்லாம் அவள்தான் உழவு. ஆளை வைத்து ஓட்டுவதில்லை. தானே ஏறி உட்கார்ந்து, புடவைக்கு மேல் ஒரு முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, இருபத்திரண்டு வயதான அந்தச் சிவப்பு டிராக்டரை வரப்பு நோகாமல் திருப்புவாள். ஆயுத பூசை முடிந்த இரண்டாம் நாள் காலையில் ஹாஜாவுக்குப் போன் போட்டாள்.

"பாய், வண்டி ஊள உடுது. ஸ்டீயரிங்க ரெண்டு கையாலயும் தொங்குனாத்தான் திரும்புது. நாத்து ரெடியா நிக்குது, சேறு அடிக்கணும். எங்க கொழுந்தனாரு, பொம்பள ஓட்டுற வண்டியா இது, வித்துடுன்னு ஆரம்பிச்சுட்டாரு."

"எடுத்துக்கிட்டு வா தங்கச்சி. பாத்துடலாம்" என்றார் ஹாஜா.

ஆற்றுப் பாலம் தாண்டி, ஊரைக் கடந்து, மேட்டுப்பாளையம் வந்து சேர்ந்தபோது டிராக்டர் பசு மாதிரி நின்றது. சுண்டு விரலால் ஸ்டீயரிங்கைச் சுற்றலாம். ஊளையும் இல்லை, முனகலும் இல்லை. டாக்டர் வீட்டு வாசலைப் பார்த்ததும் காய்ச்சல் விட்ட கதைதான். சந்திரகலாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

"சத்தியமா பாய், காலைல அப்படித் தொண்ட கிழிய கத்துச்சு."

"ஒன்ன யாரு பொய்யின்னு சொன்னா? விட்டுட்டுப் போ" என்றார் ஹாஜா.

அவர் வரிசைப்படி வேலை பார்க்கிறவர். எதையும் தாவிச் செய்ய மாட்டார். முன் அச்சை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தைக் கையால் திருப்பிப் பார்த்தார்; லேசாகத் திரும்பியது. அப்படியானால் கனம் சக்கரத்தில் இல்லை, எண்ணெயில். டயரில் காற்று சரி. ஸ்டீயரிங் எண்ணெய் டப்பாவில் அளவு சரி. வடிகட்டியைக் கழற்றிப் பார்த்தார், பளிச்சென்று இருந்தது. மீட்டரை மாட்டி பம்பின் அழுத்தம் பார்த்தார். இளவயது பம்பு தோற்றுப்போகும். ஓஸ் கிளாம்புகளை ஒரு சுற்று இறுக்கினார். ஸ்குரூ டிரைவரை ஊன்றிக் கேட்டார். எலும்பு வழியே பம்பு நிம்மதியாகச் சுற்றுகிற சத்தம்தான் வந்தது.

மூன்று காலை டிராக்டர் ஷெட்டிலேயே நின்றது. மூன்று காலையும் ஹாஜா தன் வழக்கப்படி செய்தார். எந்த வண்டியானாலும் ஸ்டார்ட் செய்வதற்கு முன் "பிஸ்மில்லாஹ்" சொல்லி எண்ணெய் டப்பாவின் மூடியைத் திறப்பார். விரலை நனைத்து நிறம் பார்ப்பார், முகர்வார். மூடியை மாட்டிவிட்டுத்தான் சாவியைத் தொடுவார். முப்பது வருஷத்தில் ஒரு நாள் தவறியதில்லை. மூன்று காலையும் டிராக்டர் பட்டு நூல் இழுப்பது மாதிரி ஓடியது. மூன்றாம் நாள் சந்திரகலா வந்து, பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்து, மனநிறைவோடு ஓட்டிக்கொண்டு போனாள்.

மறுநாள் காலை ஆறரைக்குப் போன். எடுத்ததும் பேச்சுக்கு முன்னால் ஊளைதான் வந்தது. ஹாஜாவுக்கே தெளிவாகக் கேட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

டிராக்டர் திரும்ப வந்தது. வரும்போது நல்ல பிள்ளை. பம்பின் அச்சு வழியாகக் காற்று புகுகிறதோ என்று சீலை மாற்றினார். இரண்டு காலை ஷெட்டில் சமர்த்தாக இருந்தது. வீட்டுக்குப் போனது. மறுநாள் ஊளை. சந்திரகலா கண்ணேறு என்று முடிவு கட்டி எலுமிச்சம்பழம் கட்டினாள். எதற்கும் இருக்கட்டும் என்று புதுசாகச் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். அதற்கடுத்த காலை ஊளை இன்னும் கூடிப்போயிற்று.

பேட்டையில் பேச்சுக் கிளம்பியது. வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்தது. "காது ஹாஜாவுக்குக் காது போச்சு. பம்பு செத்துக்கிடக்கறது அவருக்கு வெளங்கல" என்றார் ஒருவர். அது ஹாஜாவின் காதில் விழவில்லை. ஜரினாவின் காதில் விழுந்தது. புதன்கிழமை மத்தியானம் மீன் குழம்பை ஊற்றிக்கொண்டே அவள் சொன்னாள்.

"ஒரு பந்தயம் வச்சுக்கலாமா?"

"பந்தயம் ஹராம்."

"சரி, ஒப்பந்தம். வெள்ளிக்கிழம ஜும்ஆவுக்குள்ள அந்த வண்டிக்கு என்னான்னு நீங்களே கண்டுபுடிச்சுட்டா, காது மிஷின் பத்தி நான் இனிமே வாயத் தொறக்க மாட்டேன். புடிக்கலன்னா திங்கக்கிழம எங்கூட ஆஸ்பத்திரிக்கு வரணும்."

ஹாஜா சோற்றைப் பிசைந்தபடி கொஞ்ச நேரம் யோசித்தார். இரண்டு வருஷப் பேச்சு ஒரேயடியாக நிற்கும். அதைவிட, இந்த டிராக்டரைக் கண்டுபிடித்துவிட்டால் காது ஹாஜா காது ஹாஜாவாகவே இருக்கலாம். கண்டுபிடிக்காவிட்டால் தன் பெயரில் எதுவும் மிச்சமில்லை என்று அவருக்குத் தோன்றியது.

"சரி" என்றார்.

வியாழக்கிழமை போன் போட்டு, வண்டி இனி ஷெட்டுக்கு வர வேண்டாம், நானே வருகிறேன் என்றார். "நான் வர்றவரைக்கும் யாரும் வண்டியத் தொடக்கூடாது தங்கச்சி. ஆறு மணிக்கு அங்க இருப்பேன்."

வெள்ளிக்கிழமை விடியற்காலை சுபுஹு தொழுதுவிட்டுக் கிளம்பினார். ஸ்கூட்டர் அவரைக் கைவிட்டது. ஊர் வண்டிகளையெல்லாம் சரிசெய்கிறவரின் சொந்த வண்டி எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாதா? உதைத்து உதைத்துக் கால் வலித்துப் பாலம் தாண்டியபோது மணி ஆறே முக்கால். அதற்குள் சந்திரகலாவின் பக்கத்து வீட்டு வேனுக்கு வழிவிட வேண்டி வந்து, அவள் டிராக்டரை ஸ்டார்ட் செய்து நாலடி நகர்த்தியிருந்தாள். தெருமுனையிலேயே ஊளை கேட்டது. ஹாஜாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"தொடாதேன்னு படிச்சுப் படிச்சு சொன்னேனா இல்லியா?"

"வேன்காரரு ஆரன் அடிச்சே உயிர எடுத்துட்டாரு பாய். நீங்களும் காணல" என்றாள் சந்திரகலா. "அணைச்சுடவா?"

"அணைச்சுடாதே!" என்று கத்தினார். கோபம் போன இடம் தெரியவில்லை. பத்து நாளில் முதல்தடவையாக நோயாளி அவர் கண் முன்னால் நோயோடு நிற்கிறான்.

ஸ்டீயரிங்கைத் திருப்பிப் பார்த்தார். கிணற்றுக் கல்லைப் புரட்டுவது போல இருந்தது. கீழே குனிந்து பம்பின்மேல் கை வைத்தார். கை வழியே தோள்வரை நடுங்கியது. அது தேய்ந்த பம்பின் நடுக்கம் இல்லை; பசியில் இருக்கிற பம்பின் நடுக்கம். எண்ணெய் கிடைக்கவில்லை. டப்பாவில் எண்ணெய் இருந்தும் ஏன் கிடைக்கவில்லை? இடது கையை நகர்த்தி, டப்பாவிலிருந்து பம்புக்கு எண்ணெய் இறங்குகிற ரப்பர் ஓஸைப் பிடித்தார். ஓஸ் தட்டையாக ஒட்டிக்கிடந்தது. கிளாம்பு சரி, எங்கும் மடங்கவில்லை, ஆனால் உள்ளே யாரோ உறிஞ்சுகிற மாதிரி இரண்டு பக்கமும் ஒட்டியிருந்தது.

ஓஸை விடாமல் வலது கையை மேலே நீட்டி டப்பாவின் மூடியைத் திருகினார்.

கைக்குள் ஓஸ் பூரி மாதிரி உப்பியது. ஊளை இறங்கி, முனகலாகி, ஒரு நிமிஷத்தில் அடங்கியது. சந்திரகலா ஒற்றை விரலால் ஸ்டீயரிங்கைத் திருப்பிப் பார்த்துவிட்டு "ஆத்தாடி!" என்று கூவினாள்.

ஹாஜா இன்ஜினை அணைக்கச் சொல்லிவிட்டு மூடியைக் கையில் ஏந்திக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்தார். மூடியின் நடுவில் குண்டூசி போகிற அளவுக்கு ஒரு காற்றோட்ட ஓட்டை இருக்க வேண்டும். ராத்திரி சூடான எண்ணெய் ஆறிச் சுருங்கும்போது அதன் வழியாகத்தான் டப்பா மூச்சு வாங்கும். அந்த இடத்தில் இருந்தது பொட்டு. இந்த வருஷச் சந்தனம், அதன்மேல் கண்ணேறு கழித்த சந்தனம், அடியில் இருபத்திரண்டு ஆயுத பூசைகளின் குங்குமம், எல்லாம் இறுகிச் சிமென்டாகியிருந்தது. மூச்சு முட்டிய டப்பா எண்ணெயை விடவில்லை. பம்பு இழுத்து இழுத்துப் பார்த்து ஊளையிட்டது. வண்டி ஓடி எண்ணெய் மறுபடி சூடாகி விரிந்ததும் எல்லாம் சரியாகிவிடும். அதனால்தான் மேட்டுப்பாளையம் வரும்போது நல்ல பிள்ளை.

"ஏன் தங்கச்சி, இங்கயா பொட்டு வப்பே?"

"மேல பாத்து வட்டமா நெத்தி மாதிரி இருக்குதே பாய். வேற எங்க வைக்கறது?" என்றாள் சந்திரகலா. "நீங்களாவது தொடச்சிருக்கலாமே?"

அதுதான் வேடிக்கை. வேறு எந்த வண்டியானாலும் ஹாஜா மூடியைப் பழந்துணியால் அழுத்தித் துடைத்துவிட்டுத்தான் திறப்பார். இது அடுத்தவர் சாமிக்கு வைத்த பொட்டு. கலைந்துவிடக் கூடாதென்று ஷெட்டில் ஐந்து காலையும் ஓரத்தை மட்டும் இரண்டு விரலால் பிடித்து, பூப்போலத் திருகியிருந்தார்.

மூடியைத் திருப்பினார். உள்ளே புதுக் கறுப்பு ரப்பர் வாசர். பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார். ஆயுத பூசைக்கு முந்தின நாள் வேறொரு சின்ன வேலைக்கு வண்டி வந்தபோது, பழைய வாசர் வெடித்திருக்கிறதே என்று கேட்காமலே புதுசு போட்டுவிட்டது அவரேதான். அந்த வெடிப்பு வழியாகத்தான் டப்பா இத்தனை வருஷம் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. மூக்கை அவள் அடைத்திருந்தாள். வாயை அவர் அடைத்துவிட்டார்.

"பாதிக் குத்தம் ஒன்னது, பாதிக் குத்தம் என்னது" என்றார். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சந்திரகலா தாலிச் சரட்டில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றிக் கொடுத்தாள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, ஹாஜா பொட்டைச் சுரண்டி ஓட்டையைத் திறந்தார். காலை வெயிலில் மூடியைத் தூக்கிப் பிடித்தபோது நடுவில் ஒரு புள்ளி வெளிச்சம் தெரிந்தது.

"நாந்தான் ஷெட்டுல தெனமும் வைத்தியம் பண்ணிட்டு வியாதிய எங்கன்னு தேடியிருக்கேன்" என்றார். "தொறந்ததும் உள்ள காத்து போயிடும். அப்புறம் ஸ்டார்ட் பண்ணா எங்க ஊள உடும்?"

"ஆமா பாய், அன்னிக்கு ஷெட்டுல தொறக்கசொல்ல புஸ்ஸுன்னு சத்தம் வந்துச்சே. கோலி சோடா ஒடைக்கற மாதிரி."

ஹாஜாவின் சிரிப்பு நின்றது.

"அன்னிக்கா? வந்துச்சா?"

"நல்லாவே வந்துச்சு. நீங்க ஒண்ணும் சொல்லல. சரி, அது வழக்கமா வர்ற சத்தம்போல இருக்குதுன்னு நானும் விட்டுட்டேன்."

ஐந்து காலை. ஐந்து தடவை அந்த டிராக்டர் தனக்கு என்ன கோளாறு என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறது. அவர் விரலில் எண்ணெயைத் தொட்டு முகர்ந்துகொண்டு நின்றிருக்கிறார்.

பாலத்தின்மேல் ஸ்கூட்டர் ஊர்ந்தது. கண்டுபிடித்தாகிவிட்டது, ஒப்பந்தத்தில் அவர்தான் ஜெயித்தவர். சந்திரகலா எதையும் யாரிடமும் போய்ச் சொல்லப்போவதில்லை. ஹாஜாவுக்குச் சந்தோஷமும் வெட்கமும் ஒன்றாக வந்தன.

"கண்டுபுடிச்சுட்டேன்" என்றார் வீட்டில்.

ஜரினா கையிலிருந்த துணியை மடித்து வைத்தாள். "அல்ஹம்துலில்லாஹ்" என்றாள். முகம் நிஜமாகவே மலர்ந்தது. அதற்குப் பிறகு காதைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. வெள்ளி போயிற்று, சனி போயிற்று. வாக்கு என்றால் வாக்கு. போன் அடித்தால் எடுத்து வந்து கையில் கொடுத்தாள், "கேக்கலியா?" என்று கேட்கவில்லை. இரண்டு வருஷத் தொணதொணப்பைத் தாங்கிய ஹாஜாவால் இரண்டு நாள் மௌனத்தைத் தாங்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"நாளைக்கு எத்தன மணிக்குப் போவணும்?"

"எங்க?"

"காதுக்கு."

ஜரினா நிமிர்ந்து பார்த்தாள். "நீங்கதான ஜெயிச்சீங்க?"

"கையி ஜெயிச்சுது. காது தோத்துப்போச்சு" என்று சொல்லி, கோலி சோடாக் கதையை முழுக்கச் சொன்னார். ஜரினா சிரிக்கவில்லை. எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் கண் கலங்கியதை அவளும், அவள் கண் கலங்கியதை அவரும் பார்க்காத மாதிரி இருந்துகொண்டார்கள்.

பரிசோதனையும் அளவெடுப்பும் முடிந்து பத்து நாளில் மிஷின் வந்தது. மொச்சைக்கொட்டை அளவுதான். வீட்டுக்கு வந்ததும் விசிறி கிறீச்சிடுவது கேட்டது, அதற்கு எண்ணெய் போட்டார். இரண்டாவதாக, அடுப்படியிலிருந்து ஒரு முணுமுணுப்பு. தான் சொல்லும் ஒவ்வொரு வார்த்தைக்கும் ஜரினா இத்தனை வருஷமாக வாய்க்குள்ளேயே பதில் சொல்லிவந்திருக்கிறாள் என்பது அன்றைக்குத்தான் ஹாஜாவுக்குத் தெரிந்தது. மிஷேல் முசே டீக்கடையில் கட்டியணைத்து, "நம்ம ரெஜிமான்ல, நம்ம பட்டாளத்துல சேந்துட்டீங்க!" என்றார். பேட்டையில் ஒருவரும் சிரிக்கவில்லை. டீக்கடைக்காரர் மட்டும், "இப்பவும் காது ஹாஜாதானே?" என்று கேட்டார். "இப்ப ரெட்டக் காது" என்றார் ஹாஜா.

அன்றைக்கே சந்திரகலாவுக்குப் போன் போட்டார். அவள் நடவு முடித்து நிம்மதியாக இருந்தாள். கொழுந்தனார் வாயைத் திறப்பதில்லையாம்.

"தங்கச்சி, ஒரு ஒதவி. நாளைக்கு வண்டி ஓட்டிட்டு வந்து நிறுத்தினதும், சூடு ஆர்றதுக்கு முன்னாடி அந்த மூடி ஓட்டைல நல்லா சந்தனம் வச்சு அடச்சுடு."

"ஐயோ பாய், உங்களுக்கு என்னா ஆச்சு?"

"சொன்னதச் செய்யி. மறுநாள் காலைல வர்றேன்."

சொன்ன நாளில் ஆறு மணிக்கெல்லாம் ஜரினாவைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு போய் இறங்கினார். பனியில் டிராக்டர் நனைந்து நின்றது. சந்திரகலா இடுப்பில் கை வைத்து வேடிக்கை பார்த்தாள். ஹாஜா கைகளைத் துடைத்துக்கொண்டார். "பிஸ்மில்லாஹ்" என்று சொல்லி, மூடியின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்து, மெல்லத் திருகினார்.

புஸ்ஸ்ஸ்.

ஹாஜா அப்படியே நின்றார். பிறகு முகமெல்லாம் பல்லாகத் திரும்பி ஜரினாவைப் பார்த்தார். "கேட்டியா? நான் கேட்டுட்டேன்!" என்றார். ஜரினா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அவர் மூடியை மாட்டி, மறுபடியும் திறந்து பார்த்தார். ஒன்றும் வரவில்லை.

"காத்து உள்ள போயிடுச்சு பாய்" என்றாள் சந்திரகலா. "வண்டி ஓடி, சூடாகி, ராத்திரி ஆறணும். இனிமே நாளைக்குத்தான்."

"அப்ப நாளைக்கும் வர்றேன்" என்றார் ஹாஜா.